இரண்டாவது கப்

என்னிடம் மொத்தம் மூன்று டீபாட் இருக்கிறது. "மூணுக்குப் பேரு கலெக்‌ஷனாடா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பி.காம். படிக்கிறவன் பாக்கெட் மணிக்கு ஒரு பயணத்துக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும் சாமி!

முதலாவது, சிங்கப்பூர் சைனாடவுனில் வாங்கியது. சீனாவில் ஜியாங்சு மாகாணத்து யீசிங் ஊர்க் களிமண்ணில் செய்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். கொடுத்த விலையைப் பார்த்தால் எனக்கே சந்தேகம்தான். உள்ளே மெருகு பூசாத பாட் இது. மண்ணில் டீ வாசனை ஏறும், அதனால் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. வந்த முதல் நாளே அம்மா தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டாவது, நுவரெலியாவில் வாங்கிய வெள்ளைப் பீங்கான். மூக்கு ஒழுகும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் என் செல்லம். இங்கிலாந்தின் பிரவுன் பெட்டி. ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கத்துச் செம்மண், மேலே கரும்பழுப்பு மெருகு, குண்டு வயிறு. வயிறு உருண்டையாக இருப்பதால் வெந்நீரில் இலை நன்றாகச் சுழன்று இறங்கும் என்பார்கள். கறை தெரியாது என்பது உபரி லாபம். எக்ஸிடரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது வாங்கி, நாலு ஜோடி சாக்ஸுக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன்.

அங்கேதான் ஸ்கோனும் பழக்கமானது. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி. டெவனில் ஸ்கோன் மேல் முதலில் க்ரீம், அப்புறம் ஜாம். பக்கத்து கார்ன்வாலில் தலைகீழ். இட்லியில் சாம்பாரை ஊற்றுவதா, தொட்டுக்கொள்வதா என்று நம் வீடுகளில் நடக்குமே, அந்த மாதிரிச் சண்டை. அந்த க்ரீமும் லேசுப்பட்டதல்ல. கார்ன்வால் க்ரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்கவேண்டும் என்று விதியே உண்டு.

முதல் கப் முடியும்வரை அக்காவும் நானும் ஊர்க்கதைதான் பேசினோம். பாட்டில் இன்னும் டீ இருந்ததால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. இரண்டாவது கப்பை ஊற்றும்போதுதான், முதல் வருஷக் குளிர்காலம் முழுக்கத் தினமும் அழுததைச் சொன்னாள். போனில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றாள்.

எங்கள் வீட்டு டீ அடுப்படியிலேயே பால், சர்க்கரை, இஞ்சி எல்லாம் சேர்ந்து, ஆளுக்கொரு டம்ளராக வந்துவிடும். கொடுத்துவிட்டு அம்மா திரும்பிப் போய், தன் டம்ளரை அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே குடிப்பாள். இருபது வருஷமாக இதைப் பார்க்கிறேன், விசேஷமாகத் தோன்றியதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.ஜி.யில் ஸ்கோன் சுட்டேன். கட்டரைத் திருகாமல் நேராக அழுத்த வேண்டுமாம். நான் திருகிவிட்டேன், எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றன. க்ரீமுக்கு வீட்டுப் பாலாடை. பிரவுன் பெட்டியை மேஜை நடுவில் வைத்ததும் அம்மாவும் உட்கார வேண்டியதாயிற்று. "கழனித்தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முதல் கப்பைக் குடித்தாள்.

இரண்டாவது கப்பை அவளே ஊற்றிக்கொண்டாள்.

"அக்கா அங்க நல்லா இருக்காளாடா? நிஜத்தைச் சொல்லு."

சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பாட்டில் மிச்சமிருந்த டீ இலையோடு ஊறிக் கடுங்கசப்பாகியிருக்கும். அதையும் தன் கப்பில் ஊற்றி, பால்கூட விடாமல் குடித்து முடித்தாள். அப்புறம், "இப்ப அங்க மணி என்ன?" என்று போனை எடுத்தாள்.