பாகும் மீட்சியும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில், வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் நாங்கள் நின்றோம். கருப்பஞ்சாற்றின் அழுக்கைத் திரட்ட ஒரு பெரியவர் வெண்டைச்சாறு ஊற்றினார். அகப்பையின் புறவளைவில் அது மெல்லிய ஏடாக வழிந்து, விளிம்பில் நூலாய் நீண்டு, அறாமல் தொங்கியது.

நீரென்றால் துளிகளாய் உடைந்திருக்கும். இழுபட்டதை மறவாத திரவம் உடைவதில்லை. பாகுத்தன்மையோடு மீட்சித்தன்மையும் கொண்ட அத்தகைய ஏடு சாய்தளத்தில் வழிகையில் எப்போது நிலைகுலையும் என்று கரக்பூர் ஐ.ஐ.டி.யின் அனாதி சங்கர் குப்தா 1967இல் கணக்கிட்டார். மீட்சி ஏட்டைக் காக்கும் என்றே நமக்குத் தோன்றும். அவர் கண்டதோ, இன்னும் மெதுவான ஓட்டத்திலேயே அது அலையை எழுப்பிவிடும் என்பது. அகப்பைபோல் பரப்பும் வளைந்தால், புவியீர்ப்பின் இழுப்பு இடத்துக்கிடம் மாறும். கணக்கு மேலும் சிக்கலாகும்.

கலைச்சொல் வகுப்பில் ‘பாகுத்தன்மை’ என்று பல்லாண்டுகள் எழுதிப்போட்டோம். அச்சொல்லுக்குரிய பாகு காயும் கொப்பரையருகே வளர்ந்த பிள்ளைகள் எதிரே அமர்ந்திருந்தனர். வீட்டுத் தொழிலைச் சொல்ல அவர்கள் கூசினர். கேட்க வேண்டியவர்கள் நாங்கள், ஒருநாளும் கேட்கவில்லை.