பழைய ஜீப் கடல் கடந்து வருமா?



பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் ஊரில் சிலர் மனைவியின் நகையை அடகு வைக்கவும், வயலை ஈட்டுக்குக் கொடுக்கவும் தயாராக நிற்பதால் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

நாங்கள் நான்கு பேர். இரண்டு ஆசிரியர்கள், ஒரு விவசாயி, கராஜ் வைத்திருக்கும் ஒரு காக்கா. நான்கு குடும்பமும் சேர்ந்து ஒரு பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் எடுக்கலாமா என்ற பேச்சு பல மாதமாக எங்களுக்குள் ஓடியது. மாரி வந்தால் வட்டைக்குப் போகும் பாதை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நோயாளியை ஏற்ற வேண்டும், விதைநெல் கொண்டு போக வேண்டும். முச்சக்கரவண்டியால் முடியாது. உழவு இயந்திரத்தில் ஆட்களை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் கண்டோம். அந்தப் பிள்ளைகளை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

இந்தப் பேச்சு எப்படியோ வெளியில் போய், ஒரு தரகர் எங்களைத் தேடி வந்தார். "1990களின் லேண்ட் குரூசர், நல்ல கண்டிஷன், வெளிநாட்டிலிருந்து இறக்கித் தருகிறேன், முற்பணம் மட்டும் தாருங்கள்" என்றார். விலையும் ஆசை காட்டியது. பணம் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து விசயத்தைப் பார்த்தோம். பார்த்ததை இங்கே வைக்கிறோம்.

முதலாவது, வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. அந்தக் கதவு பழைய வாகனத்துக்குத் திறக்கவில்லை. பாவித்த கார், ஜீப் என்றால் மூன்று வருடத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். முப்பது வருட ஜீப்பை யார் எந்தத் துறைமுகத்தில் இறக்கினாலும் அது சட்டப்படி நம் பெயரில் பதிவாகாது.

"அமெரிக்காவில் எடுக்கிறார்களே, யூடியூப்பில் பார்த்தோமே" என்று எங்கள் மாணவர்களே கேட்கிறார்கள். உண்மைதான். அங்கே சட்டம் நேர்மாறானது. அமெரிக்காவின் பாதுகாப்புத் தரத்துக்குச் செய்யப்படாத வாகனம் 25 வருடம் கடந்தால்தான் அந்தத் தரத்திலிருந்து விலக்குப் பெற்று உள்ளே போகலாம். கனடாவில் அது 15 வருடம். அதனால்தான் ஜப்பானின் பழைய லேண்ட் குரூசரையும் டெலிகாவையும் அவர்கள் கப்பல் கப்பலாக எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பழையதாக இருந்தால்தான் அனுமதி. நமக்குப் புதியதாக இருந்தால்தான் அனுமதி. அந்தக் காணொளியை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

இரண்டாவது, வளைகுடா. கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் நம் பிள்ளைகள், "இங்கே பட்ரோல் ஜீப் மலிவு, அனுப்பவா?" என்று கேட்கிறார்கள். நல்ல மனது. ஆனால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், இங்கே வலது பக்கம். அதை மாற்றுவது கராஜில் ஒரு கிழமை வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்கிறார் எங்கள் காக்கா. ஸ்டியரிங் பெட்டி, பிரேக், டாஷ்போர்ட் எல்லாம் இடம் மாற வேண்டும். பிழைத்தால் உயிர் போகும்.

மூன்றாவது, வரி. வாகனம் மலிவு என்றால் வரியும் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் எரிபொருள் இயந்திர வாகனத்தின் உற்பத்தித் தீர்வை இயந்திரத்தின் சிசி அளவில் கணக்கிடப்படுகிறது. சிசி கூடக் கூட, ஒரு சிசிக்கான தொகையும் கூடும். பழைய லேண்ட் குரூசரில் பேர்போன அந்த ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரம் 4,164 சிசி. வயதுக் கட்டுப்பாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வாகனத்தின் விலையைத் தீர்வை விழுங்கிவிடும். அதற்கு மேல் சுங்க வரி, 18 சதவீத வற் வரி. தரகர் சொன்ன விலைக்குள் இதெல்லாம் அடங்கவே அடங்காது.

அப்படியானால் அவர் எப்படித் தருவார்? இதுதான் பதிவின் முக்கியமான இடம்.

வாகனத்தைத் துண்டு துண்டாக வெட்டி உதிரிப்பாகம் என்ற பெயரில் கொண்டுவந்து, இங்கே ஒட்டுவார்கள். எங்கோ இரும்புக் கடைக்குப் போன, அல்லது விபத்தில் முடிந்த ஒரு பழைய ஜீப்பின் புத்தகத்தை வாங்குவார்கள். வந்த வாகனத்தின் செஸி இலக்கத்தைத் தேய்த்துவிட்டு, செத்த வாகனத்தின் இலக்கத்தை அதில் அடிப்பார்கள். புத்தகம் சரி, இலக்கத் தகடு சரி, வாகனம் மட்டும் வேறு. இப்படிப் பிடிபட்ட ஜீப்களின் செய்தி பத்திரிகையில் வராத மாதம் குறைவு.

பிடிபட்டால் என்ன நடக்கும்? அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பி, தேய்த்த இலக்கத்தை எடுத்துப் பார்ப்பார்கள். சுங்கம் ஏய்க்கப்பட்ட பொருள் யார் கையில் இருந்தாலும் பறிமுதலாகும். "நான் தெரியாமல் வாங்கினேன்" என்பது வாகனத்தைத் திருப்பித் தராது. விற்றவர் தொலைபேசியை மாற்றிவிடுவார். நீதிமன்றப் படியில் நிற்பது வாங்கியவரும் அவர் பிள்ளைகளும்தான். வரி ஏய்த்த பொருளில் பறகத்தை எதிர்பார்க்கலாமா என்பதை ஒவ்வொருவரும் தன் மனதிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாங்கள் அந்தத் தரகரிடம் மூன்று கேள்விதான் கேட்டோம். எந்த வங்கி ஊடாக, யார் பெயரில் எல்.சி. திறக்கப்படும்? சுங்கத் தீர்வை கட்டிய பத்திரத்தைக் காட்ட முடியுமா? பதிவுப் புத்தகத்தில் முதல் பதிவு எந்த வருடம் இருக்கும்? மூன்றாவது கேள்வியோடு தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார். பிறகு அழைப்பே இல்லை.

சரி, ஜீப் தேவை என்றால் என்ன செய்வது? ஏற்கனவே நாட்டுக்குள் சட்டப்படி ஓடும் பழைய ஜீப்பை வாங்கலாம். மலையகத் தோட்டப் பக்கம் இன்றும் ஓடும் லேண்ட் ரோவர்கள் இருக்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்கும் வகையைத் தெரிவு செய்யுங்கள். வாங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுங்கள். அதிலுள்ள செஸி, இயந்திர இலக்கங்களை, நம்பிக்கையான பாஸ் ஒருவரை வைத்து, வாகனத்தில் நேரில் ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி புதுப் பெயின்ட், வெல்டிங் தடம், கோணலான எழுத்து இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். "ஓப்பன் பேப்பர்" வேண்டவே வேண்டாம். பணம் கொடுக்கும் நாளிலேயே உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று, ஜீப் வாங்கினாலும் மறக்கக் கூடாதது. ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தால் பெரிய ஜீப்பையும் அது தூக்கிக்கொண்டு போகும். நான்கு சக்கரமும் இழுப்பது சேற்றுக்குத்தான். வெள்ளத்தில் சக்கரம் தரையில் பிடிப்பதே இல்லை. பாதை தெரியாத அளவுக்கு நீர் பாய்ந்தால் எந்த வாகனமானாலும் கரையில் நிற்க வேண்டும்.

எங்கள் நான்கு குடும்பமும் இப்போது அவசரப்படாமல் உள்நாட்டிலேயே தேடுகிறோம். மாரிக்கு முன் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அடுத்த போகத்துக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். உங்களில் யாருக்காவது ஜீப் பேசி வந்திருந்தால், முற்பணம் கொடுக்கும் முன் புத்தகத்தின் பிரதியோடு பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். எங்கள் காக்காவையும் கூப்பிட்டு, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.