மஞ்சள் உடலம்

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில், இரண்டு சிறுகதைத் தொகுப்புகளுக்கு நடுவே, நான்காக மடித்த ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு நெடுநாள் கிடந்தது. புரோஜெஸ்டிரோன் என்ற சொல்லுக்கு எதிரே ஓர் எண். அதன் பக்கத்தில் 'குறைவு' என்று பேனாவால் எழுதிய குறிப்பு. எங்கள் முதல் கரு ஏழாவது வாரத்தில் கலைந்ததற்குச் சாட்சியாக எஞ்சியது அந்தத் தாள் மட்டுமே.

நாங்கள் என்பது இருவர். எங்களில் ஒருவர் சுமந்தவர். மற்றவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தவர். இழப்பு இருவருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். பழி மட்டும் ஒருவர்மீதே இறங்கியது. பப்பாளி தின்றிருப்பாள் என்றார்கள். மாடிப்படி ஏறியிருப்பாள் என்றார்கள். "பஸ்ல போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் அழுதார். படித்தவர்களாகிய நாங்கள் அவற்றைப் புறந்தள்ளினோம். ஆனால் அந்தச் சீட்டை எங்களால் புறந்தள்ள இயலவில்லை. சூலகம் சுரக்க வேண்டியதைச் சுரக்கவில்லை, ஆகவே கரு நிற்கவில்லை என்று அதை நாங்களே வாசித்துக்கொண்டோம். பப்பாளி இருந்த இடத்தில் ஹார்மோனை வைத்தோம். பழி இருந்த இடத்திலேயே இருந்தது. பல மாதங்கள் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவேயில்லை.

பின்னர் வாசிக்கத் தொடங்கினோம். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு வேறு எந்த ஆறுதலும் தெரிவதில்லை.

சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியதும், அது இருந்த பை வீணாகிவிடுவதில்லை. அதன் சுவர்கள் தடித்து, ரத்த நாளங்கள் ஊடுருவி, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவில் ஒரு மஞ்சள் நிறச் சுரப்பியாகிறது. கார்ப்பஸ் லூட்டியம் என்று பெயர். தமிழில் மஞ்சள் உடலம் என்கிறார்கள். கருப்பையின் உட்சுவரைக் கரு தங்குவதற்கு ஏற்ப ஆக்குவதும், கருப்பைத் தசைகளை அமைதியாக வைத்திருப்பதும் அது சுரக்கும் புரோஜெஸ்டிரோனே. கரு உண்டாகாவிட்டால் அதன் ஆயுள் சுமார் 14 நாட்கள். பிறகு சுருங்கி, ஒரு வெள்ளைத் தழும்பாகிவிடும்.

இதன் வேலை என்னவென்பது நெடுங்காலம் புலப்படவில்லை. பிரெஸ்லாவில் வாழ்ந்த கருவியலாளர் குஸ்டாவ் போர்ன், கருவைப் பேணும் சுரப்பி இதுதான் என்று ஊகித்தார். நிரூபிக்கும் முன்பே 1900-இல் இறந்துபோனார். அந்த ஊகத்தைச் சோதிக்கும் பொறுப்பை லுட்விக் ஃபிராங்கெல் என்ற மகப்பேறு மருத்துவர் ஏற்றார். சினையுற்ற முயல்களின் மஞ்சள் உடலங்களை அழித்தால் கரு நிலைப்பதில்லை என்று 1903-இல் காட்டினார். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பதவியிழந்து, உருகுவேக்குப் புலம்பெயர்ந்தவர் அவர். 1929-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னரும், அவரிடம் மாணவராக இருந்த வில்லார்ட் ஆலனும், சூலகம் நீக்கிய முயல்களுக்கு மஞ்சள் உடலத்தின் சாற்றைச் செலுத்திக் கருவைக் காத்தனர். 1934-இல் அந்தப் பொருள் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது.

இதுவரை வாசித்தபோது எங்கள் சீட்டு இன்னும் கனத்தது. சுரப்பி தவறினால் கரு தவறும் என்றுதானே முயல்களும் சொல்லின?

ஆனால் கதைக்கு மறுபாதி உண்டு. 14 நாட்களில் மறைய வேண்டிய சுரப்பியை மறையாமல் நிறுத்தி வைப்பது யார்? கருவேதான். கருப்பைச் சுவரில் பதியும்போதே, பிற்பாடு நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. கருவுற்றதை அறியக் கடையில் வாங்கும் பட்டை கண்டுபிடிப்பது இதைத்தான். இந்தச் செய்தி வந்துகொண்டிருக்கும்வரை மஞ்சள் உடலம் உழைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அர்பாத் சாபோவும் சகாக்களும் செய்த ஆய்வுகளின்படி, ஏழாம் வாரத்துக்கு முன் அதை நீக்கினால் கரு கலைகிறது. ஒன்பதாம் வாரத்துக்குப் பின் நீக்கினால் கலைவதில்லை. அதற்குள் நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆக, கரு தானாகவே தளர்ந்தால் செய்தி குறையும். செய்தி குறைந்தால் சுரப்பி ஒடுங்கும். ரத்தப்போக்கு தொடங்கிய பிறகு எடுத்த பரிசோதனையில் எண் குறைவாக இருப்பது காரணமாக இருக்கலாம்; விளைவாகவும் இருக்கலாம். ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் பிழையால் வளர இயலாதவை. எங்கள் சீட்டு ஒரு முடிவைத்தான் பதிவு செய்திருந்தது. நாங்கள் அதைக் குற்றப்பத்திரிகையாக வாசித்துவிட்டோம்.

எங்களில் ஒருவர் வெள்ளாடுகளோடு வளர்ந்தவர். பெண்ணுக்கு ஒன்பது வாரங்களில் முடியும் பொறுப்பு, வெள்ளாட்டில் ஐந்து மாதமும் மஞ்சள் உடலத்தின்மீதே இருக்கிறது. அது எப்போது மறைந்தாலும் சினை நிற்காது. செம்மறியில் இரண்டாம் மாத வாக்கில் நஞ்சுக்கொடி பொறுப்பேற்கிறது. குதிரையிலோ ஒரு மஞ்சள் உடலம் போதாதென்று, சினைக்காலத்திலேயே கூடுதலாகச் சில தோன்றுகின்றன. பசுவின் கரு பதினாறாம் நாள் வாக்கில் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தை அனுப்பி, மஞ்சள் உடலத்தை அழிக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் கருப்பை வெளிவிடாமல் தடுக்கிறது. வழிகள் வேறு, தாயிடம் கரு தன் இருப்பைச் சொல்லியாக வேண்டும் என்பது பொது. ஈனும் நேரத்திலும் அப்படியே: வெள்ளாட்டில் குட்டியின் உடலில் கார்ட்டிசால் ஏறுவதுதான் மஞ்சள் உடலம் ஒடுங்குவதில் போய் முடிகிறது.

அந்த வீட்டு அப்பத்தா, ஆடு குட்டி வீசிவிட்டால் ஒருபோதும் ஆட்டைத் திட்டியதில்லை. கம்பங்கூழ் கரைத்து வைத்துவிட்டு, "தங்கணும்னு அதுக்குத் தோணல, நீ என்ன பண்ணுவ" என்று அதன் கழுத்தைத் தடவிக்கொடுப்பார். இண்டர்ஃபெரானும் ஹெச்.சி.ஜி.யும் அறியாத அவர் ஆட்டுக்கு அளித்த நீதியை நாங்கள் எங்களில் ஒருவருக்கு அளிக்கவில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட இரவில்தான், கலைந்த அந்தக் கருவுக்காக நாங்கள் முதன்முறையாகச் சேர்ந்து அழுதோம்.

இரண்டாம் முறை கருவுற்றபோது ஆறாவது வாரத்தில் மறுபடி ரத்தம் கண்டது. மருத்துவர் புரோஜெஸ்டிரோன் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். பிரிட்டனின் 48 மருத்துவமனைகளில் 4,153 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 75 விழுக்காட்டினரும், வெற்று மருந்து பெற்றவர்களில் 72 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். மொத்தத்தில் அந்த வேறுபாடு உறுதியானதல்ல. முன்பே கரு கலைந்தவர்களிடம் மட்டும் சற்றே கூடுதல் பயன் தெரிந்தது. அத்தகையோருக்கு ரத்தம் கண்டால் தரலாம் என்று 2021-இல் அந்நாட்டு வழிகாட்டுதலும் வந்தது. நாங்கள் அந்தச் சிறு கூட்டத்தில் அடங்குவோம் என்று எண்ணிக்கொண்டு ஒன்பதாம் வாரத்தை நோக்கி நாட்களைக் கிழித்தோம்.

மகள் பிறந்தாள். மாத்திரை காத்ததா, அவளே சொல்லவேண்டியதைச் சொல்லித் தங்கினாளா என்பதை எந்தப் பரிசோதனையும் இனி எங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அந்தப் பழைய சீட்டை நாங்கள் எறிந்துவிடவில்லை. 'குறைவு' என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறோம்.