முன் பாக்கி

2016-ல், இது போன்ற ஒரு சிறு பத்திரிகையில், எண்ணூரைச் சேர்ந்த ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். நாற்பது கவிதைகள், எல்லாவற்றிலும் ஒரே இருட்டு. வேலை கிடைத்திருக்கிறது, காதலி இருக்கிறாள், மழைகூடப் பெய்கிறது. ஆனாலும் கவிதைசொல்லி எழுந்து பல் தேய்க்க மாட்டாமல் படுத்துக் கிடக்கிறான். பி.ஏ. ஆங்கிலத்தில் படித்தது கைவசம் இருந்தது. ஹாம்லெட்டின் உணர்ச்சி நாடகத்திலுள்ள நிகழ்ச்சிகளின் அளவை மீறியது, ஆகவே நாடகம் கலைரீதியில் தோல்வி என்று எலியட் 1919-ல் எழுதிய கட்டுரையை எடுத்து அந்த இளைஞரின் தலையில் போட்டேன். இவ்வளவு துயரத்துக்குக் கவிதைக்குள் காரணம் இல்லை. எனவே இது இரவல் துயரம், மொழிபெயர்ப்பில் படித்த துயரம் என்று முடித்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அவர் அதன்பின் எதுவும் பிரசுரித்ததாகத் தெரியவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், அந்த எலியட் வாக்கியம் பிற்பாடு என் தலையிலேயே வந்து விழுந்ததுதான்.

2022-ல் ராயபுரத்தில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். வீட்டில் குறையொன்றும் இல்லை. கடன் இல்லை. மகளுக்கு மூன்று வயது. ஒரு நாள் நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எண்ண ஆரம்பித்து நாற்பதைத் தாண்ட முடியவில்லை. மறுபடி எண்ணினேன், மறுபடியும் நாற்பது. வரிசையில் நின்ற பெரியவர், "தம்பி, உடம்பு சரியில்லையா?" என்றார். அன்று மாலை கேஷ் டாலி ஆகவில்லை. அதன்பின் மூன்று மாதம் படிப்பு, எழுத்து, பேச்சு எதுவும் இல்லை. நாடகத்தில் உள்ள நிகழ்ச்சிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சின்ன வயசுல வீடு எப்படி?" என்று கேட்டார். "சாதாரணமாத்தான் இருந்தது" என்றேன். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் சைக்கிள் ஸ்டாண்டின் ஞாபகம் வந்தது.

1997-ல் திருவொற்றியூரில் நைனா வேலை பார்த்த தொழிற்சாலையில் கதவடைப்பு. பெயர் வேண்டாம்; அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்றா இரண்டா. பதினான்கு மாதம் சம்பளம் இல்லை. காலடிப்பேட்டையில் ஒற்றை அறையில் நாங்கள் நான்கு பேர். இரவில் நைனா வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலிருந்தே அன்றைக்குக் குடித்திருக்கிறாரா, அடி விழுமா, யாருக்கு விழும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் சோறு. 'டங்'கென்று போட்டால் நானும் தங்கையும் கட்டிலுக்கடியில். எனக்கு ஒன்பது வயது. இன்றும் மேனேஜர் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் வயிறு சுருண்டுகொள்கிறது. மேனேஜர் நல்ல மனிதர்.

கண்ணில் பட்ட விஞ்ஞானத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். மாண்ட்ரியாலில் மைக்கேல் மீனியும் மோஷே சிஃபும் சகாக்களும் 2004-ல் எலிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. சில தாய் எலிகள் குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுக்கும், சில குறைவாக. குறைவாக நக்கப்பட்ட குட்டி வளர்ந்தபின் சிறு அதிர்ச்சிக்கும் நெடுநேரம் பதறுகிறது. பதற்றச் சுரப்பு ரத்தத்தில் ஏறியதும் அதை உணர்ந்து 'போதும், நிறுத்து' என்று சொல்லும் ஏற்பிகள் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருக்கின்றன. அந்தக் குட்டிகளிடம் ஏற்பிகள் குறைவு. ஏற்பியைச் செய்யும் மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதை இயக்கும் இடத்தில் மெத்தில் என்ற சின்ன ரசாயனத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அதை அடக்கி வைக்கின்றன.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு. 'பல' என்று எழுதி லகரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் 'பல்' ஆகிவிடுகிறது. எழுத்து மாறவில்லை, உள்ளிருந்த அகரம் வாயடைத்துப்போய்விட்டது. தலையெழுத்து என்று நாம் சொல்லிவந்தது பிறக்கும்போதே எழுதி முடித்துவிட்ட ஒன்றை. எபிஜெனெடிக்ஸ் என்ற இந்தத் துறை சொல்வது வேறு: எழுத்து பிறப்போடு வந்தது, புள்ளிகளைப் பிற்பாடு வீடும் தெருவும்கூட வைக்கின்றன.

மனிதர்களிடம்? அதே குழுவினர் 2009-ல் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தார்கள். குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளாகித் தற்கொலை செய்துகொண்டவர்கள் 12 பேர், அப்படிக் கொடுமை எதுவும் நேராமல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 12 பேர், வேறு விதமாக இறந்தவர்கள் 12 பேர். அந்த மரபணுவின் மேல் புள்ளிகள் மிகுந்திருந்தது முதல் கூட்டத்தில் மட்டும். 36 மூளைகளை வைத்துப் பெரிதாகப் பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும். உயிரோடு இருப்பவனின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ரத்தத்திலும் எச்சிலிலும் தேடுகிறார்கள், முடிவுகள் எல்லாம் ஒத்துப்போவதில்லை. அடிபட்டு வளர்ந்த எல்லோரும் சோர்ந்து விழுவதும் இல்லை. என் தங்கை நன்றாகவே இருக்கிறாள்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது, "பழைய ஊழ்வினைக்குப் புதுச் சட்டை. போதாததற்குப் பழியைத் தாய்மார் தலையில் வேறு கட்டுகிறீர்கள்" என்றார். இரண்டாவது குற்றச்சாட்டு என்னைத் தைத்தது. கதவடைப்பின்போது அம்மா காசிமேட்டில் எறா உரிக்கப் போனாள். விடியற்காலையிலிருந்து ஐஸில் கை. அந்த நாட்களில் என்னைத் தொட்டதே இல்லையே என்று சென்ற வருஷம் அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்ப எனுக்குக் கை ஏதுடா? வெரலெல்லாம் புண்ணு. எறா நாத்தம் வேற. தொட்டா நீ மூஞ்சத் திருப்பிக்குவ" என்றாள்.

எலிகளிலும் இதுதான். கர்ப்ப காலத்தில் இம்சைப்படுத்தப்பட்ட தாய், முன்பு நன்றாக நக்கிக் கொடுத்த தாயானாலும், நக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. தாயைத் தாண்டிப் பார்க்கத் தெரியாதவன்தான் தாயைக் குற்றவாளியாக்குவான். சென்னைவாசிகள் 25,455 பேரை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. வருமானம் குறைந்தவர்களிடம் அதிகம். 2023 டிசம்பரில், முதலில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவையொட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் சாலைக்கு ஓடினார்கள். அந்தக் குழந்தைகளில் ஒன்று முப்பது வருஷம் கழித்து ஏதோ ஓர் ஆபீசில் நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் உட்கார்ந்திருக்கலாம். அப்போதும் ஒருவன் வந்து காரணம் இல்லை என்பான். எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு பக்கமும் முன் பக்கத்துப் பாக்கியோடுதான் தொடங்கும். அந்த முதல் வரியை மறைத்துக்கொண்டு கூட்டினால் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் தெரியும்.

ஊழ்வினை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில்: குறைவாக நக்கும் தாயின் குட்டியைப் பிறந்தவுடன் மாற்றி, நன்றாக நக்கும் தாயிடம் விட்டால் அது அமைதியாக வளர்கிறது. வளர்ந்த எலிக்கே மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தி அந்தப் புள்ளிகளைக் குறைத்தும் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு நாள், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மகள் சொல்வது காதில் விழுந்தது: "அம்மா, இன்னிக்கு அப்பா மெதுவாத்தான் ஸ்டாண்டு போட்டாரு." நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிரவு அந்தக் கவிதைத் தொகுதியைத் தேடி எடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு கவிதை. படுத்திருப்பவன் மழையைக் கேட்கிறான், காதலியின் மூச்சைக் கேட்கிறான், பிறகு சம்பந்தமில்லாமல், பழைய வீட்டில் ராத்திரி நாதாங்கி விழும் சத்தத்தைக் கேட்கிறான். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், என் கையெழுத்தில், 'தேவையற்ற விவரம்' என்று இருந்தது.

அவருடைய விலாசம் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும்.