கடல் விலகிய மாளிகை

ஸ்கூடாயிலிருந்து பஸ் ஏறி ஜொகூர் பாரு போய், 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே பீச் ரோட்டில் இருக்கிறது ராஃபிள்ஸ் ஹோட்டல். சாலையின் பெயரோ கடற்கரைச் சாலை. வாசலில் நின்று பார்த்தால் கடலைக் காணோம்!

பாரசீகத்திலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள், 1887-இல் பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவில் இந்த ஹோட்டலைத் தொடங்கினார்கள். அன்று எதிரிலேயே கடல். பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். ஹோட்டல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடல்தான் விலகிப் போயிற்று.

இன்று நாம் பார்க்கும் மூன்று மாடி வெள்ளை மாளிகை 1899-இல் திறக்கப்பட்டது. ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பிட்வெல் என்பவர் வரைந்தது. முகப்புத் தூண்களும் வளைவுகளும் ஐரோப்பியப் பாணி. ஆனால் மற்ற அமைப்பெல்லாம் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றது. அகன்ற தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் அறைக்குள் விடாமல் தடுக்கிறது. கூரை உயரமானதால் சூடான காற்று மேலே போய்விடுகிறது. அந்தக் காலத்திலேயே மின்விளக்கும் மின்விசிறியும் வைத்தார்கள்.

தாழ்வாரம் நமக்குப் புதிதல்ல. கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று 1822-இலேயே ராஃபிள்ஸ் துரை சிங்கப்பூரில் விதி செய்தார். அதைத்தான் நாம் ‘அஞ்சடி’ என்கிறோம். லயத்து வீட்டு வாசலில் பாட்டிமார் வெற்றிலை மடித்த இடத்திற்கும் அதே பெயர்தான்.

ராஃபிள்ஸ் ஹோட்டல் 1987-இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. இரண்டு முறை மூடிப் பழுது பார்த்து, 1991-இலும் 2019-இலும் மீண்டும் திறந்தார்கள். நம் லயங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்கூடாயைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற பல இடங்கள் இன்று தாமான்கள். லயங்கள் இடிந்தன, பலவற்றுக்கு ஒரு படம்கூட இல்லை.

பெற்றோர்களே, உங்கள் லயம் இன்னும் நின்றால், பிள்ளையிடம் ஒரு தாளும் அளவு நாடாவும் கொடுங்கள். அஞ்சடி எத்தனை அடி, குசினி எந்தப் பக்கம், தண்ணீர்ப் பைப் எங்கே என்று அளந்து வரையட்டும். லயம் இடிந்திருந்தால், பாட்டி சொல்லச் சொல்ல எழுதட்டும். மாளிகையைக் காப்பாற்ற அரசாங்கம் இருக்கிறது. லயத்தின் நினைவைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம்.