ஆறுமணிக்குருவி ஊருக்குக் கிளம்புது!

வசந்தம் வந்தால் பறவைகள் வரும் என்பது ஐரோப்பாக்காரர்களின் கணக்கு. நம் ஊரில் அது வழியனுப்பும் காலம்.

நெய்வேலிக்குப் பக்கத்தில் முத்தாண்டிக்குப்பம். பங்குனியில் இங்கே முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்க வசதியாக மரத்தடியைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். அந்தச் சருகுதான் ஐப்பசியில் இருந்து ஒரு விருந்தாளிக்குச் சாப்பாட்டுத் தட்டு. பெயர் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டே இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். அதனால் வந்த பெயர். பச்சை முதுகு, சிறகில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை. இந்தியில் 'நவரங்' என்கிறார்கள். இத்தனை வண்ணம் இருந்தும் சருகுக்குள் அசையாமல் நின்றால் கண்ணுக்குச் சிக்காது. தத்தித் தத்திப் போய், இலையைப் புரட்டி, புழு பூச்சியைப் பிடிக்கும்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டுகிற பறவை இது. ராத்திரியில் பறந்து தெற்கே வரும். வந்த களைப்பில் வீட்டு வாசலிலேயே விழுந்து கிடப்பதும் உண்டு. காயம் இல்லையென்றால், காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, சாயங்காலம் தோப்பில் விட்டுவிடலாம். சோறு ஊட்ட வேண்டாம். செல்ஃபி வேண்டவே வேண்டாம்!

பண்ருட்டிப் பக்கம் கெடிலம் ஆற்றங்கரையில் நடந்தால் வேறு பயணிகளையும் தேடலாம். ஈரமான புல்வெளியில் மஞ்சள் வாலாட்டி. குளிர்காலமெல்லாம் மங்கிக் கிடந்த அதன் மஞ்சள், கிளம்பும் முன் பளிச்சென்று ஆகிவிடும். ஊருக்குப் போகப் புதுச்சட்டை! புதருக்குள் 'டக், டக்' என்று சத்தம் வந்தால், ரஷ்யா, பின்லாந்து வரை போக வேண்டிய பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். குளிர்காலம் முழுக்க அந்த ஒற்றைச் சத்தம்தான். புறப்படும் நாள் நெருங்கும்போது மெல்லப் பாடிப் பார்க்கும்.

இத்தனை தூரம் போக உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். அதற்குப் பூச்சி வேண்டும். முந்திரி பூக்கும்போதோ தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிக்கிறார்கள். விவசாயியைக் குறை சொல்வது சுலபம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் வளர்ந்த மரங்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது; இருக்கிற பூவையும் பூச்சிக்கு விட்டுக்கொடு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வேலியோரத்துச் சருகைச் சித்திரை முடியும்வரை கொளுத்தாமல் விட்டுவைக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

சித்திரையில் ஏதோ ஒரு சாயங்காலம் ஆறு மணிக்குச் சீழ்க்கை கேட்காது. மழை தொடங்கும்போது அது வடக்கே கூடு கட்டிக்கொண்டிருக்கும்.