அனுப்புநர்: அ அ அ அ அ

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய நண்பர்கள் இத்தலைப்பைக் கண்டதும் புன்னகை செய்வர். தமிழ்த் தாளில் கடிதம் எழுதுக என்றொரு வினா வரும். ஐந்து மதிப்பெண். 'அனுப்புநர்' என்று எழுதி, அதன் கீழே பெயருக்கு 'அ அ அ அ அ' என்றும், ஊருக்கு 'ஆ ஆ ஆ ஆ ஆ' என்றும் நிரப்புவோம். ஆங்கிலத் தாளில் எக்ஸும் ஒய்யும். ஓட்டுநர், இயக்குநர் போல 'அனுப்புநர்' என்றே எழுத வேண்டும். இரண்டு சுழி 'ன' போட்டால் சிவப்பு மைக்கோடு நிச்சயம். சொந்தப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று எங்கள் ஆசிரியர் மும்முறை எச்சரிப்பார்.

அந்த வழக்கத்தை நான் குறை கூற மாட்டேன். விடைத்தாளைத் திருத்துபவர்க்கு எழுதியவன் யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பதிவெண் உள்ள பகுதியைப் பிரித்தெடுத்த பிறகே தாள் திருத்தப்படுகிறது. அந்த ஐந்து அகரங்களுக்குள் ஒப்பந்தக் கூலியின் மகனும் அதிகாரியின் மகனும் ஒன்றே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மறைப்பு எனக்கு நிழலாக இருந்தது. ஆனால் நிழலிலேயே நின்று பழகியவன் வெயிலில் பட்ட பாட்டைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் சூளகிரிக்கு அருகில், கொத்தமல்லியும் புதினாவும் விளையும் ஒரு சிற்றூர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் கலக்கும், தமிழ் எனக்குப் பள்ளிக்கூடம் தந்த மொழி. அப்பா விடியுமுன் பேருந்து பிடித்து ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போவார். வீட்டில் எழுபத்தைந்தைத் தாண்டிய அவ்வா. பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆயினும் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவள்! அவள் பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 முதல் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அவள் நகரவில்லை, முகவரிதான் நகர்ந்தது.

சென்ற ஆண்டு அவ்வாவுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றது. மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் யாரிடமும் கையேந்தாதிருந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். "காலேஜ் படிக்கிறியே, ஒரு மனு எழுதேன்" என்றார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியில் கடிதத்துக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் அல்லவா! பொருள், பார்வை, ஐயா, வணக்கம், இடம், நாள் என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர், ஊர்ப் பெயர், சூளகிரி என மூன்றே வரி. தபாலில் சேர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று கல்லூரிக்கு வந்துவிட்டேன்.

ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். பதில் இல்லை. ஏழை எழுதினால் யார் படிப்பார் என்று திட்டித் தீர்த்தேன். நான்காம் மாதம் நேரில் போனேன். அங்கிருந்த எழுத்தர் கோப்பைப் புரட்டி ஓர் உறையை எடுத்து நீட்டினார். பதில் எப்போதோ போயிருந்தது. முகவரி போதாதென்று திரும்பியும் வந்திருந்தது. ஆதார் நகலும் வங்கிக் கணக்குப் புத்தக நகலும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவே! "தம்பி, எல்லாம் நல்லா எழுதியிருக்கே. நீ யாருன்னு மட்டும் எழுதல. கதவு எண் இல்ல, அஞ்சல் இல்ல, பின்கோடு இல்ல, போன் நம்பரும் இல்ல. அது போகட்டும், பணம் வர வேண்டியது யாருக்கு? அவங்க பேரே அனுப்புநர்ல காணோமே!" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் 'பள்ளி' என்றும் 'தொட்டி' என்றும் முடியும் ஊர்கள் எத்தனையோ. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதும் உண்டு. சூளகிரியையே சூலகிரி என்று எழுதுவாரும் உளர். மலை சூலம் போல் நிற்பதால் வந்த பெயர் என்பார்கள். நாடு முழுவதும் இதே குழப்பம் இருந்ததால்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி வகுத்த பின்கோடு 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. எங்கள் 635117-இல் 6 என்பது தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம்; முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கப்படும் மாவட்டம்; கடைசி மூன்று விநியோக அஞ்சலகம். 2025-இல் அஞ்சல் துறை நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒன்றாகப் பத்து எழுத்துக் குறியீடும் தந்துவிட்டது. இயற்பியலில் ஆதிப்புள்ளியைச் சொல்லாமல் ஒரு பொருளின் இருப்பிடத்தைச் சொன்னால் பூஜ்யம் என்று அறிந்த நான், என் வீட்டின் இருப்பிடத்தை அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அன்றிரவு மறுபடி எழுதினேன். அனுப்புநர் என்பதன் கீழ் அவ்வாவின் பெயர். அடுத்து தாத்தாவின் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு, அப்பாவின் கைப்பேசி எண். உரக்கப் படித்துக் காட்டினேன். அவ்வா, "முதல்ல இருக்கிறது யார் பேரு?" என்று எங்கள் தெலுங்கில் கேட்டாள். "உன் பேருதான் அவ்வா" என்றேன். "எங்கே, காட்டு" என்றாள். படிக்கத் தெரியாத அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் பார்த்திருந்தாள். பிறகு கீழே பெருவிரல் ரேகையை அழுத்தினாள்.

ஆறாம் மாதம் பணம் வந்தது. நின்றுபோன மாதங்களில் இரண்டு மாதத் தொகை இன்னும் வரவில்லை. அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, தேர்வுத் தாளில் நம் பெயரை மறைத்தது நியாயத்துக்காக. வெளியே நம் பெயரையும் நம் வீட்டாரின் பெயரையும் முழு முகவரியோடு எழுதுவதும் அதே நியாயத்துக்காகவே. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, யாருடைய மனுவேனும் உங்களுக்காகக் காத்திருக்கும். முதல் வரியை நிறுத்தி நிதானமாக எழுதுங்கள்.